ஜூலை மாசத்து உறைபனி

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நேத்துல இருந்து எத்தனை பேர்தான் அனுப்புவீங்க! பார்த்துட்டேன். ஆமா, அது கிளையன்ட் புடிக்க நான் ஒரு கடைக்கு எழுதின கடிதம்தான். கோத்தகிரியில இருபது பேரை உட்கார வெச்சு, "இப்படித்தான் எழுதணும்னு இல்லை, நான் இப்படி எழுதினேன்"னு காட்டினது. அதை போட்டோ புடிச்சு, என் பேரை மட்டும் அழிச்சு, "வெளிநாட்டு கிளையன்ட்டை வளைக்கும் மந்திர மெசேஜ், 499 ரூபாய் மட்டுமே"ன்னு வித்திருக்காரு ஒரு புண்ணியவான். என் பேரை அழிச்சவரு கடை பேரை அழிக்க மறந்துட்டாரு. அங்கதான் வந்தது வினை.

கூட்டத்துக்கு வராதவங்களுக்காக: இங்கிலாந்துல ஆன்லைன்ல தேயிலை விக்கிற சின்னக் கடை அது. நீலகிரி ஃப்ராஸ்ட் டீன்னு ஒண்ணை நல்ல விலைக்கு வெச்சிருந்தாங்க. கீழே "ஜூலை மாத அதிகாலைப் பனியில் பறித்தது"ன்னு வர்ணனை. ஜூலையில இங்க ஏதுங்க உறைபனி? அப்ப அடிக்கிறது தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுனதை நாம மறப்போமா? உறைபனி விழறது டிசம்பர், ஜனவரி ராத்திரியில. அந்தக் குளிர்ல செடி மெதுவா வளரும், அந்த டீயோட வாசனையே அதுலதான். போதாததுக்கு "கையால் சுருட்டிய இலை"ன்னு எழுதிட்டு, படத்துல மெஷின்ல நசுக்கி உருட்டின சி.டி.சி. குருணை! டானிங்டன் டீக்கடை டப்பாவுல கிடக்குமே, அதே குருணை.

இதை ஆறு வரியில எழுதினேன். "என் அப்பா 32 வருஷமா தேயிலைத் தோட்டத்துல இருக்கிறவர், உங்க படத்தைக் காட்டினேன், சிரிச்சுட்டார்"னு அதுல ஒரு வரி. அந்த டீ வர்ணனையை நானே திருத்தி எழுதி கீழே வெச்சேன். வேலை குடுங்கன்னு கேக்கலை. மத்த பக்கங்களையும் பார்த்துத் தரட்டுமான்னுதான் கேட்டேன். மூணாம் நாள் பதில் வந்துச்சு. ரெண்டு வருஷமா மாசம் 900 பவுண்டு.

திங்கக்கிழமை அந்தக் கடைக்கார அம்மா எனக்கு ஒரு மெயில் போட்டாங்க. கூடவே அவங்களுக்கு வந்த 14 கடிதம். எல்லாத்துலயும் அதே ஆறு வரி. எப்பவோ திருத்தின தப்பைத் திருத்தச் சொல்லி! "உங்க ஊர்ல எல்லாருக்கும் 32 வருஷ அனுபவமுள்ள அப்பா இருக்காரா?"ன்னு கேட்டிருந்தாங்க. கிண்டல்தான். எனக்குக் காது சுட்டுச்சு.

இன்னொரு தம்பி இன்பாக்ஸ்ல வந்து, "சோப்புக் கம்பெனிக்கு அனுப்பினேன், பதிலே வரலைக்கா"ன்னு குறைபட்டுக்கிறார். ஏன் தம்பி, சோப்புல என்னப்பா ஜூலை உறைபனி?

ஒருத்தருக்கு எழுதினது அந்த ஒருத்தருக்கு மட்டும்தாங்க. ரெண்டாவது ஆளுக்குப் போனா அது நோட்டீஸ்.

"ஆயிரம் பேருக்கு அனுப்பினா மூணு பேர் சிக்குவான், இது நம்பர் கேம்"னு அதை விக்கிற பதிவுக்குக் கீழே ஒரு மேதை எழுதியிருக்கார். ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்புறவங்களுக்கு 2024 பிப்ரவரியில இருந்து கூகுள் வெச்சிருக்கிற விதி என்ன தெரியுமா? ஸ்பாம்னு புகார் வர்றது 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரத்துக்கு மூணு! நீங்க 5,000 அனுப்பலைதான். ஆனா உங்க மூணு பேர் எந்தப் பட்டனை அமுக்குவாங்கன்னு கொஞ்சம் யோசிங்க.

"வீட்டுக் கஷ்டத்துல இருக்கிறவன் ஒவ்வொரு கடிதத்துக்கும் மூணு மணி நேரம் உட்கார முடியுமா?"ன்னு இன்னொருத்தர் கேக்கிறார். நியாயம்தான். நானும் 40 கடிதம் எழுதினேன், அஞ்சு பதில் வந்துச்சு, அதுல ஒண்ணு "இனிமே எழுதாதீங்க". சரி, அதை விடுங்க.

எனக்கு விட முடியாதது, "அக்காவுக்கென்ன, ஊட்டி கான்வென்ட் இங்கிலீஷ்"ங்கிற கமெண்ட். யாருங்க கான்வென்ட்? மழையில ரப்பர் செருப்பு வழுக்க வழுக்க மூணு கிலோமீட்டர் நடந்து அரசுப் பள்ளிக்குப் போனவ நான். அந்தக் கடிதத்தை முதல்ல தமிழ்லதான் நோட்டுல எழுதினேன். இங்கிலீஷ்ல போனப்பவும் ரெண்டு தப்பு இருந்துச்சு. அந்தம்மா அதைக் கண்டுக்கவே இல்லை. அவங்க பக்கத்தைக் கடைசி வரைக்கும் படிச்ச முதல் ஆள் நான்னு சொன்னாங்க.

இன்னொண்ணும் இருக்கு. ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கிற எங்கப்பா வாழ்க்கையில ஒரு நாளும் தன் பச்சைத் தேயிலைக்கு விலை சொன்னதில்லை. சாக்குல ஈரம்னு கழிச்சது போக எடை, வாங்குறவங்க சொல்றதே விலை. அந்த மனுஷன் படத்தைப் பார்த்து, "இது குருணைடி, இலை இல்லை"ன்னு சொன்ன ஒரு வார்த்தைக்கு பவுண்டுல காசு வந்தப்ப நான் அடுப்படியில நின்னு அழுதேன். அந்த வார்த்தையைத்தாங்க 499க்கு வித்திருக்கீங்க. காப்பிரைட், கேஸுன்னு யாரும் இன்பாக்ஸுக்கு வராதீங்க, எனக்கு அதுக்குத் தெம்பில்லை.

அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டே கேட்டாரு: "பதினாலு பேருக்கு நான் அப்பனா? அதுல ரெண்டு பேரை வரச் சொல்லு. மேக்காட்டுல செடி கவாத்து வெட்ட ஆள் கிடைக்கலை."