லான்காஸ்டருக்கு ஞாயிறு வேண்டாம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் லான்காஸ்டருக்கு ஞாயிறன்று போகச் சொல்கிறது ஒரு பயணக் கட்டுரை. வேண்டாம். அன்று ஆமிஷ் மக்களின் (கார் ஓட்டாமல் குதிரை வண்டியில் போகும் கிறிஸ்தவப் பிரிவினர்) கடைகள், வீட்டுவாசல் விற்பனை எல்லாம் மூடியிருக்கும். செவ்வாய், வெள்ளி, சனி நல்லது. நகரின் சென்ட்ரல் மார்க்கெட்டும் அந்த நாட்களில்தான் திறக்கும்.

நெரிசலான 30-ஆம் சாலையை விட்டு 340-ஐப் பிடியுங்கள். குதிரை வண்டி மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான் போகும். மேடு ஏறி இறங்கியதும் சட்டென முன்னால் நிற்கும். ஹாரன் அடித்தால் குதிரை மிரளும். எதிர்ப்பக்கம் காலியானதும் நன்றாக விலகி முந்துங்கள்.

வண்டியின் கூண்டு சாம்பல் நிறம் என்றால் ஆமிஷ், கறுப்பு என்றால் பழைய மரபு மென்னோனைட் (ஆமிஷுக்கு நெருக்கமான இன்னொரு கிறிஸ்தவப் பிரிவு). கார் ஓட்டும் மென்னோனைட்டுகளே ஏராளம், அதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். முகம் தெரியப் படம் எடுப்பது ஆமிஷ் மக்களின் நம்பிக்கையைப் புண்படுத்தும், குழந்தைகளையும் எடுக்காதீர்கள். சில்லறை நோட்டுகள் அவசியம். பல வீட்டுவாசல் கடைகளில் கார்டு செல்லாது.