சிலான்ஸார் முற்றங்கள்

தாஷ்கண்ட் வந்துபோகிற நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே சுற்றுதான் சுற்றுகிறார்கள். சோர்சு சந்தையில் உலர்பழம், சாஸ்திரி சிலைக்கு முன்னால் ஒரு படம், அமீர் தைமூர் சதுக்கம், மெட்ரோவில் ஒரு ரீல்ஸ், மறுநாள் காலை சமர்கண்டுக்கு ரயில். நடுவில் டாக்ஸி தப்பித்தவறி சிலான்ஸார் என்கிற பழைய சோவியத் குடியிருப்புப் பேட்டைப் பக்கம் திரும்பினால், "என்னங்க இது, ஹவுசிங் போர்டு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்னொரு கூட்டம் சமீபமாகக் கிளம்பியிருக்கிறது. கழுத்தில் கேமராவோடு வருகிற வெளிநாட்டு இளைஞர்கள். நம் பிள்ளைகளும் இப்போது அதில் சேர்ந்துகொண்டார்கள். பக்கச் சுவரில் இருக்கும் மொசைக்கை எடுப்பார்கள், வெயில் மறைக்கும் கான்கிரீட் சல்லடையை எடுப்பார்கள், படத்தில் கொஞ்சம் பழைய நிறம் ஏற்றி 'சோவியத் அழகியல்' என்று போட்டுவிடுவார்கள். கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் அம்மா மட்டும் படத்துக்குள் வந்துவிடக் கூடாது.

இந்த இரண்டு தரப்போடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. வேலை நிமித்தம் இந்த ஊரில் இருக்கிறேன், சிலான்ஸாரில் ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு. என் கட்சி இதுதான்: இந்தப் பேட்டையிலேயே உருப்படியான சொத்து கட்டடங்களுக்கு நடுவில் விட்டிருக்கிற இடம். அதைத்தான் இப்போது துண்டு துண்டாகக் கூறுபோட்டு விற்கிறார்கள். மொசைக்கைக் காப்பாற்றச் சொல்லிக் குரல் கொடுக்கிறவர்கள் இதற்கும் கொஞ்சம் வாய் திறக்க வேண்டும்.

சிலான்ஸார் கதையை எல்லாரும் நிலநடுக்கத்திலிருந்துதான் தொடங்குவார்கள். 1966 ஏப்ரல் 26, விடியற்காலை 5:23 மணி. ரிக்டர் அளவில் 5-ஐக் கொஞ்சம் தாண்டிய அதிர்வுதான். ஆனால் மையம் நகரத்துக்கு நேர் கீழே, அதுவும் அதிக ஆழமில்லாமல். மண்ணும் பச்சைச் செங்கல்லுமாக நின்ற பழைய வீடுகள் தாங்கவில்லை. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் மிகச் சிலர். வீடிழந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அதே வருடம் ஜனவரி 10 அன்று இதே ஊரில்தான் இந்திய-பாகிஸ்தான் உடன்படிக்கை கையெழுத்தாகி, அன்றிரவு தாண்டி 11ஆம் தேதி சாஸ்திரி காலமானார். இங்கே வயதானவர்களிடம் 1966 என்று சொல்லிப் பாருங்கள், கூடாரத்தில் படுத்திருந்த கோடையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அப்புறம் வந்தது கட்டுமானப் படை. ரஷ்யா, உக்ரைன், ஜார்ஜியா, பால்டிக் நாடுகள் என்று சோவியத் ஒன்றியத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்களும் இயந்திரங்களும் ரயிலில் வந்து இறங்கின. ஒவ்வொரு குடியரசும் தன் பங்குக்கு வீடு கட்டிக் கொடுத்தது. வந்தவர்களில் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள். 1976இல் இதற்கென்று ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். பிளந்த கருங்கல், அதில் தேதியும் நேரமும், பக்கத்தில் குழந்தையை அணைத்த பெண், அவளைக் காத்து நிற்கும் ஆண். கல்யாண ஜோடிகள் இன்றைக்கும் அங்கே போய்ப் பூ வைக்கிறார்கள்.

இந்த வீரக்கதையில் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. சிலான்ஸார் நிலநடுக்கத்தால் பிறந்த பேட்டை கிடையாது. 1950களின் கடைசியிலேயே இங்கே வேலை தொடங்கிவிட்டது. சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்துக் கணக்கு அது: ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, சீக்கிரமாக, மலிவாக. சுவரைத் தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி நிறுத்துவது. பழைய நகரத்தின் மஹல்லாக்களை, அதாவது முற்றம் வைத்த வீடுகள் சேர்ந்த பாரம்பரியக் குடியிருப்புகளை, அப்புறப்படுத்திவிட்டு நவீன நகரம் எழுப்பும் ஆசையும் திட்டம் போட்டவர்களுக்கு முன்பே இருந்தது. நிலநடுக்கம் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. பூசி மெழுகிக் குடியிருந்திருக்கக்கூடிய வீடுகளும் சேர்த்தே இடிபட்டன.

தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நியூ செஞ்சுரி புத்தக வேனில் சில்லறைக் காசுக்கு ரஷ்யப் புத்தகம் வாங்கிப் படித்து வளர்ந்தவன்தான் நானும். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், அந்த வாசனைகூட நினைவிருக்கிறது. ஆனால் அந்த வாசனையை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தை எடைபோட முடியாது.

வீட்டுக்கு உள்ளே என்ன நிலைமை என்று கேட்டால், சுமார்தான். என் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலிலிருந்துதான் பேச வேண்டும். கையைத் தூக்கினால் கூரை எட்டிவிடும் போல இருக்கும். லிஃப்ட் கிடையாது. மூன்று தலைமுறை ஒன்றாக இருந்து, நடுவில் முற்றம், மேலே திராட்சைப் பந்தல், ஓரத்தில் ரொட்டி சுடும் தந்தூர் என்று வாழ்ந்த உஸ்பெக் குடும்பத்துக்கு இந்த இரண்டு அறை எப்படிப் போதும்? அதனால்தான் ஆரம்பத்தில் இங்கே குடிவந்தவர்களில் ரஷ்ய மொழிக்காரர்கள் அதிகம். உஸ்பெக் குடும்பங்கள் பல தயங்கித் தயங்கித்தான் வந்தன.

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கட்டடத்துக்கு வெளியே தங்கள் முற்றத்தை மறுபடி உண்டாக்கிக்கொண்டார்கள்.

அதற்கு இடம் இருந்தது. திட்டம் போட்டவர்களுக்கு இங்கே ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். சிலான்ஸார் முழுக்க எண் போட்ட குவார்த்தால்களாக, அதாவது குடியிருப்புத் தொகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. பெரிய சாலை வெளியே சுற்றிப் போகும், உள்ளே வராது. பள்ளிக்கூடம், பாலர் பள்ளி, மருத்துவமனை, மளிகைக் கடை எல்லாம் நடந்து போகிற தூரத்தில். குழந்தை பள்ளிக்குப் போகப் பெருஞ்சாலையைத் தாண்ட வேண்டியதில்லை. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே தாராளமாக மண் தரை, மரம், வாய்க்கால். ஜூலையில் 40 டிகிரி அடிக்கிற ஊரில் இது அலங்காரம் இல்லை, ஆள் உயிரோடு நடமாடத் தேவையான ஏற்பாடு.

எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்தில் ஒரு அகா (இங்கே மூத்த ஆண்களை 'அண்ணன்' என்று மரியாதையாக அழைக்கும் சொல்) இருக்கிறார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் நீளத் துண்டு நிலத்தில் பல வருடங்களுக்கு முன்பு ஒரு திராட்சைக் கொடி நட்டிருக்கிறார். பழைய தண்ணீர்க் குழாய்களை வளைத்துப் பந்தல். கொடி அவர் ஜன்னலைத் தாண்டி, முதல் மாடி பால்கனியைத் தாண்டி, இப்போது என் கம்பியைச் சுற்றுகிறது. யார் பால்கனியில் தொங்குகிறதோ அந்தக் குலை அவருக்கு. இது எங்கேயும் எழுதிவைக்காத சட்டம். சாயங்காலம் அகா ஒரு மண்வெட்டியோடு வருவார். அரிக் என்று இங்கே சொல்கிற தெருவோர வாய்க்காலில் ஒரு தகரத் துண்டை இறக்குவார், ஒரு செங்கல்லை நகர்த்துவார். தண்ணீர் திரும்பிக் கொடியின் காலடிக்குப் போகும். அரை மணி நேரம் கழித்துத் தகரத்தை எடுத்து அடுத்த கட்டடத்துக்காரரிடம் கொடுத்துவிடுவார். பந்தலுக்குக் கீழே ஒரு தப்சான், அதாவது நாலைந்து பேர் காலை மடித்து உட்காரக்கூடிய மர மேடை. கோடையில் பாதி ராத்திரி வரை அதில் ஆள் இருக்கும்.

யாராவது இறந்துபோனால் இன்னும் அந்த முற்றத்தில்தான் பெஞ்சு போடுகிறார்கள். ஆண்கள் சோப்பான் என்கிற நீள அங்கி அணிந்து இடுப்பில் துணி கட்டி, தலையில் தொப்பியோடு வாசலில் வரிசையாக நிற்பார்கள். ரஷ்யப் பாட்டி ஒருவர் போனபோதும் உஸ்பெக் வீட்டுக்காரர்கள்தான் அடுப்பு மூட்டினார்கள். சோவியத் பிரசாரம் பக்கம் பக்கமாக எழுதிய 'மக்கள் நட்பு' இங்கே ஒரு பெரிய இரும்புச் சட்டி அளவில் நிஜமாகவே இருந்தது. அந்த அளவோடு அதை ஒத்துக்கொள்வதில் எனக்குச் சங்கடமில்லை.

மொசைக்குகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சண்டைக்கு வருவீர்கள். கட்டடங்களின் குறுக்குச் சுவர்களில் பூ, நட்சத்திரம், விண்வெளி, உஸ்பெக் வேலைப்பாடு என்று மாடி உயரத்துக்கு இருப்பவற்றில் ஏராளமானவை ஜார்ஸ்கி சகோதரர்கள் மூவரின் கைவண்ணம். சுவர் வார்க்கும் தொழிற்சாலையோடு சேர்ந்து வேலை செய்தவர்கள். சிறு ஓடுகளை அச்சில் பரப்பி, மேலே கான்கிரீட் ஊற்றி, படத்தோடு சேர்ந்தே சுவரை வார்த்தெடுத்தார்கள். அச்சு மாதிரி ஒரே வீட்டைத் திரும்பத் திரும்பக் கட்டுகிற இடத்தில் தன் வீடு எது என்று குழந்தைக்கு அடையாளம் தெரிய அதுவே போதும். அற்புதமான வேலை, சந்தேகமே இல்லை.

மெட்ரோ 1977இல் வந்தது, மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ. முதல் தடமே சிலான்ஸாரிலிருந்து நகர மையத்துக்குத்தான். அணுகுண்டுப் பதுங்குமிடமாகவும் கணக்கில் இருந்ததால் 2018 வரை உள்ளே படம் எடுக்கத் தடை. அதே தடத்தில் பருத்தி மொசைக்கோடு பாக்தகோர் நிலையம். பார்க்க அவ்வளவு அழகு. அந்தப் பருத்திக்குப் பாய்ச்சிய தண்ணீரில்தான் ஆரல் கடல் வற்றியது என்பதையும் அங்கே ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வது நல்லது.

அப்போது கட்டிய ஏற்பாடுகள் பல இப்போது இழுத்துக்கொண்டு கிடக்கின்றன. ஊருக்கே மொத்தமாக வெந்நீர் அனுப்பி வீடுகளைச் சூடாக்கும் முறை இன்னும் இருக்கிறது. சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ நம் கையில் ஒன்றும் இல்லை. மிதமான குளிரில் அறை வெந்து ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டியிருக்கும். நிஜமான குளிர் வந்தபோது, 2023 ஜனவரியில், எரிவாயுவும் மின்சாரமும் தட்டுப்பட்டு நகரமே நடுங்கியது. மேயர் பதவி போயிற்று. குழாய்கள் கிழடாகிவிட்டன. மூன்றாவது மாடியில் முட்டிவலியோடு இருக்கிற அம்மாவிடம் போய் மொசைக்கின் கலைமதிப்பைப் பற்றிப் பேசிப் பாருங்கள், கையிலிருக்கிற பையை உங்களிடம் கொடுத்து மேலே கொண்டுவரச் சொல்வார்.

அதனால் 'எதையும் இடிக்காதே' என்று நான் சொல்லவில்லை. என் மாடிப்படிக்காரர்களில் பாதிப் பேர் லிஃப்ட் உள்ள வீடு கிடைத்தால் நாளைக்கே கிளம்பிவிடுவார்கள். அது அவர்கள் உரிமை.

ஆனால் நடப்பது வேறு. 2017க்குப் பிறகு இந்த நகரத்தில் கட்டுமான வெறி பிடித்திருக்கிறது. 'தாஷ்கண்ட் சிட்டி' என்கிற கண்ணாடிக் கோபுரங்களுக்காக ஒரு பழைய மஹல்லாவே போனது, சோவியத் காலத்து சினிமா மாளிகையும் போனது. சிலான்ஸார் மாதிரி இடங்களில் இன்னும் நைசான வழி. பழைய கட்டடம் அப்படியே நிற்கும். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் விளையாட்டு மைதானம் இருந்த இடத்தில் ஒருநாள் தகர வேலி முளைக்கும். வேலிக்குப் பின்னாலிருந்து பல மாடிக் கட்டடம் எழும். பழைய வீட்டுக்காரர்களுக்கு வெயிலும் போயிற்று, நிழலும் போயிற்று. 2019 நவம்பரிலிருந்து மரம் வெட்டத் தடை இருக்கிறது. அதன் பிறகும் கட்டுமான இடத்துப் பக்கத்து மரங்கள் ஏனோ தாமாகவே காய்ந்துபோகின்றன. 2009இல் அமீர் தைமூர் சதுக்கத்தின் பழைய சினார் மரங்களை வெட்டிச் சாய்த்ததை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. இடிப்பை எதிர்த்து முகநூலிலேயே பெரிய குழு நடத்துகிறார்கள், கோபத்தை வாசித்துப் பார்த்தால் புரியும்.

புதுக் குடியிருப்புகளைப் பார்த்திருக்கிறேன். பளபளவென்று இருக்கின்றன. வேலி, கேட், காவலாளி, நிலத்தடி பார்க்கிங், அதற்கு மேலே இரண்டு விரல் மண்ணில் செயற்கைப் புல். அதில் எந்த அகா கொடி நடுவார்?

இது தீராத சிக்கல் ஒன்றும் இல்லை. சோவியத் காலத்துக் கட்டடக்கலைஞர்களே பின்னாளில் புரிந்துகொண்டு வழி தேடியிருக்கிறார்கள். நகர மையத்தில் ஜெம்சுக் என்று 1980களில் எழுப்பிய 16 மாடிக் கட்டடம் இருக்கிறது. மூன்று மாடிக்கு ஒரு பொது முற்றம், அந்தரத்திலேயே. மஹல்லாவைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்த முயற்சி. முழுக்க வெற்றியா என்பதில் வாதம் உண்டு. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறார்கள். இன்றைய பில்டர்கள் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை.

என்னைக் கேட்டால், பழைய கட்டடத்தை இடிக்கிறீர்களா, இடியுங்கள். அதே அகலத்தில், அதே இடத்தில் புதிதாகக் கட்டுங்கள், லிஃப்ட் வையுங்கள், ஓரிரு மாடி கூட்டிக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் மண்ணைத் தொடாதீர்கள், வாய்க்காலை மூடாதீர்கள். பாரம்பரியச் சின்னம் என்று பட்டியல் போடும்போது தனித்தனிச் சுவர்களோடு நிறுத்தாமல், ஒரு குவார்த்தாலையாவது முற்றம், பந்தல், தப்சானோடு முழுதாகச் சேர்த்துப் பாருங்கள்.

தாஷ்கண்ட் வருகிறவர்கள், முக்கியமாக இங்கே மருத்துவம் படிக்கிற பிள்ளைகளைப் பார்க்க வருகிற பெற்றோர்கள், ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், செப்டம்பர் நல்லது, திராட்சை பழுத்திருக்கும். சிலான்ஸார் மெட்ரோவில் இறங்கி, பெரிய சாலையை விட்டு ஏதாவது ஒரு குவார்த்தாலுக்குள் நுழையுங்கள். தப்சானிலிருந்து யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டால் தயங்காதீர்கள். பச்சைத் தேயிலைதான், பால் கேட்டு மானத்தை வாங்காதீர்கள். கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம், அது மரியாதை. விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தால்தான், எழுந்து கிளம்பலாம் என்று அர்த்தம்.