டாட்டூ போடப் போகும் தம்பி தங்கைகளுக்கு

டாட்டூ பற்றிய சண்டை எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. "நம்ம குடும்பத்துல இதெல்லாம் பழக்கமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். "என் உடம்பு, என் இஷ்டம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். பழக்கம் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அப்பத்தாவின் புறங்கையில் தேள், முன்கை நெடுகப் புள்ளிக் கோலம் என்று பச்சை குத்தியிருந்தது. இஷ்டம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இந்த வாக்குவாதத்திலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. ஊசி எப்படிப்பட்டது, என் தோல் இதைத் தாங்குமா என்று யாரும் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் கவலை.

முதலில் காதைத் தொட்டுப் பாருங்கள். காது குத்திய இடத்தில் தழும்பு உருண்டு தடித்திருக்கிறதா? அது கீலாய்டாக, அதாவது காயத்தின் அளவைத் தாண்டி வளரும் தழும்பாக இருக்கலாம். அப்படிப்பட்ட தோலில் டாட்டூ கோடுகளும் தடித்து எழும்ப வாய்ப்புண்டு. நெஞ்சு, தோள்பட்டை, மேல் முதுகில் இன்னும் அதிகம். வெண்படை, சோரியாசிஸ் (செதில் படை) உள்ளவர்களுக்குக் காயம் பட்ட இடத்திலேயே புதிதாகப் படை கிளம்பலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகும். இதில் எது இருந்தாலும் தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது கடை. மற்ற எதையும்விட இதைத்தான் அழுத்திச் சொல்வேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, ஒரே ஊசியைத் துடைத்துத் துடைத்து அடுத்தடுத்த கையில் குத்துகிறார்களே, அங்கே தயவுசெய்து உட்காராதீர்கள். நல்ல கடையிலும் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்ட வேண்டாம். ஊசிப் பாக்கெட்டை உங்கள் எதிரிலேயே பிரிக்கச் சொல்லுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். மையைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றித்தான் தொட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். முடி மழிக்கும் பிளேடு புதிதாக இருக்க வேண்டும். குத்திக்கொண்டிருக்கும்போது கையுறையோடு செல்போனை எடுத்துப் பேசிவிட்டு அதே கையுறையோடு திரும்பி வந்தால், எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் போனால் போகட்டும். தொழிலை மதிக்கிற கலைஞர் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

மையை நீர்க்க வைக்கத் தண்ணீர் கலக்கிறார்களா என்றும் கவனியுங்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 2011-12இல் மாசடைந்த மையால் பலருக்குத் தோல் தொற்று வந்தது. அதில் கலந்த தண்ணீர் மீதுதான் சந்தேகம் விழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்பு மையில்தான்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நம் நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அட்டவணையில் வந்தது 2011 வாக்கில்தான். இன்று இருபது வயதைத் தாண்டிய பலர் போட்டிருக்க மாட்டார்கள். மூன்று தவணை, ஆறு மாதத்தில் முடிந்துவிடும். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது.

அப்புறம், தமிழில் எழுதிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு. தமிழைச் சரியாகக் காட்டாத மென்பொருளில் டிசைன் செய்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். தமிழ் தெரியாத கலைஞருக்கு அது கண்ணில் படாது. 'அம்மா'வில் புள்ளி விட்டுப்போனாலும் அப்படித்தான். நீங்களே ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள், அதைப் படியெடுக்கச் சொல்லுங்கள். ஸ்டென்சிலை (குத்துவதற்கு முன் பதிக்கும் மாதிரி அச்சை) தோலில் ஒட்டியதும் போட்டோ எடுத்துத் தமிழ் நன்றாகப் படிக்கிற ஒருவருக்கு அனுப்புங்கள். அதுவரை அழித்துவிட்டு மறுபடி ஒட்டலாம். ரொம்பப் பொடியாகவும் எழுத வேண்டாம். வருடங்கள் போகப் போக மை கசிந்து கோடு அகலும். ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு வெறும் கறுப்புத் திட்டாகிவிடும்.

பிடிக்காவிட்டால் லேசரில் எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் போகாதீர்கள். பல அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே பல வாரங்கள். கறுப்பு ஓரளவு போகும். பச்சையும் மஞ்சளும் லேசில் போகாது. நம் மாநிறத் தோலில் லேசர் தோலின் நிறமியையும் தாக்குவதால் வெள்ளைத் திட்டோ கருந்திட்டோ விழலாம்.

போலீஸ், ராணுவம் என்று சீருடைக் கனவு இருப்பவர்கள் அறிவிப்பைப் படிக்காமல் ஊசியைத் தொடாதீர்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு விதிப்படி, இடது முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் இருந்தால் அனுமதி. வலது கை சல்யூட் அடிக்கும் கை. அளவும் அந்த உடல் பகுதியில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ரத்ததான முகாம்களில் பெயர் பதிவு செய்யும் மேசையில் உட்காருகிறவன் நான். புது டாட்டூவோடு ஆசையாக வரிசையில் நிற்கும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். டாட்டூ போட்டால் ஆயுசுக்கும் ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது தவறு. நம் நாட்டு வழிகாட்டுதல்படி 12 மாதம் தள்ளிப்போட வேண்டும், அவ்வளவுதான். முழுக்கைச் சட்டையில் மறைத்துக்கொண்டு வராதீர்கள், புதிதாகத் தொற்றிய கிருமி சில வாரங்கள்கூடப் பரிசோதனையில் சிக்காமல் போகலாம். வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை தேதி குறித்து, ரத்தம் நீங்கள்தான் தருவதாகச் சொல்லியிருந்தால், அதை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் டாட்டூ கடைக்குப் போங்கள்.