ஆறு இடம் கேட்கிறதாம்!

நேற்றைய வீடியோவுக்குக் கைதட்டியவர்களுக்காகத்தான் இது. லிங்க் போடவில்லை, எல்லோரும் பார்த்தாயிற்று. ஆற்றங்கரை வீடு ஒன்றின் சுவரைப் பொக்லைன் தள்ளுகிறது, அடுப்படி அலமாரியில் பாத்திரங்கள் அப்படியே இருக்கின்றன. கீழே "ஆறு தன் இடத்தைக் கேட்கிறது" என்று கவிதை வேறு.

ஆற்றுக்கு இடம் விட வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. கரையை உயர்த்திக்கொண்டே போனால் நெருக்கப்பட்ட தண்ணீர் இன்னும் உயரும், கீழே அடுத்த ஊரில் போய் உடைக்கும். கரையோரத் தாழ்நிலம் திறந்து கிடந்தால்தான் வெள்ளம் பரவும், வேகம் குறையும். நான் கேட்பது ஒன்றுதான்: அங்கே இருப்பவர்களை எப்படி நகர்த்துகிறீர்கள்?

உடனே நெதர்லாந்தைக் காட்டுவீர்கள். 1995 வெள்ளத்தில் சுமார் 2,50,000 பேரை வெளியேற்ற வேண்டி வந்தது. அப்புறம்தான் அவர்களுக்குப் புத்தி மாறியது. நைமேகன் நகரத்துக்கு எதிர்க்கரையில், லெண்ட் என்ற ஊரில், கரையையே 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். வீடுகளும் போயின, சரி. ஆனால் அதே நாட்டில், ஓவர்டீப்ஸே என்ற தாழ்நிலத்தில் மண்மேடு எழுப்பிப் பண்ணைகளை அதன்மேல் மாற்றலாம் என்ற யோசனையைச் சொன்னதே அங்கிருந்த விவசாயிகள்தான். இந்தப் பாதி மட்டும் உங்கள் பதிவுகளில் வருவதே இல்லை. ஆஸ்திரேலியாவின் கிரான்தமில் 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு, விருப்பப்பட்டவர்களுக்குப் பக்கத்து மேட்டிலேயே மனைக்கு மனை கொடுத்தார்கள். விருப்பப்பட்டவர்களுக்கு. பக்கத்திலேயே.

என் அத்தையையும் 'பாதுகாப்பான' இடத்துக்குத்தான் மாற்றினார்கள். முன்பெல்லாம் தண்ணீர் ஏறினால் தையல் மெஷினைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இப்போது தண்ணீர் வருவதில்லை. துணி கொடுக்கவும் ஆள் வருவதில்லை. பஸ் மாறி மாறி வந்து யார் தைக்கக் கொடுப்பார்கள்? மெஷின் மேல் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறார்.

"அப்போ வெள்ளத்திலேயே சாகட்டும் என்கிறாயா?" இல்லை அய்யா, நகர்த்துங்கள். கேட்டு நகர்த்துங்கள், பிழைப்புக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள் என்கிறேன்.

"செலவு?" ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொடுக்கும் நிவாரணத்தைக் கூட்டிப் பாருங்கள்.

"ஆவணமே இல்லாத இடம்தானே?" இதற்குத்தான் காத்திருந்தேன். அதே தாழ்நிலத்தில் எல்லா ஆவணங்களோடும் அடுக்குமாடிகள் நிற்கின்றனவே, அந்த இடத்தை ஆறு கேட்கவில்லையா? ஆள் பார்த்துத்தான் கேட்குமோ? வெள்ளம் அந்தக் கார் நிறுத்துமிடத்திலும்தானே புகுந்தது? அங்கே மோட்டார் போட்டு இறைத்தார்கள், பொக்லைன் வரவில்லை.

கைதட்டியவர்களில் என் நட்பில் இருப்பவர்களும் உண்டு, பெயர்களைப் பார்த்தேன். சிலர் அத்தை கையால் சாப்பிட்டவர்கள். இதைப் படித்துவிட்டு என்னை நீக்குவதென்றால் தாராளமாக நீக்கிக்கொள்ளுங்கள். இன்பாக்ஸில் வந்து விளக்கம் மட்டும் சொல்லாதீர்கள்.