பட்டனை அழுத்தும் முன் இறங்கிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

திங்கட்கிழமை காலை, வாடகைக்குப் போயிருந்த மோட்டார்ஹோம், அதாவது வீடு போலவே தங்கும் வண்டி, திரும்பி வந்தது. கதவைத் திறந்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. ஸ்லைட் அவுட்டின், அதாவது வெளியே நகரும் சுவர்ப் பெட்டியின், மேல் மூலையில் ரப்பர் சீல் ஒரு முழத்துக்குக் கிழிந்து தொங்குகிறது. தரையில் புதிதாக ஒரு கீறல், மேல் விரிப்பு உரிந்து பலகை தெரிகிறது. சோபாவுக்கு அடியில் கால் நசுங்கிய சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலி ஒன்று. "எப்படித் தம்பி ஆச்சு?" என்று கேட்டால், "தெரியலையே அண்ணே, பட்டனைத்தானே அமுக்கினோம்" என்கிறார் வாடகைக்கு எடுத்தவர்.

பட்டனைத்தானே அமுக்கினோம்! இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

பினாங்கு மாநிலத்தின் பிறையில் மோட்டார்ஹோம் வாடகைக்கு விடும் ஓர் இடத்தில் சாவி கொடுப்பதும் திரும்ப வாங்குவதும்தான் என் வேலை. ஸ்லைட் அவுட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வண்டியை நிறுத்திய பிறகு பக்கச் சுவரின் ஒரு பகுதி, சோபா மேசையோடு சேர்ந்து, மேசை டிராயர் போல வெளியே நகரும். உள்ளே இரண்டு மூன்று அடி இடம் கூடும். பாட்டி காலை நீட்டி உட்காரலாம், பிள்ளைகள் தரையில் படுக்கலாம். அதனால்தான் எல்லாரும் அந்த வண்டியையே கேட்கிறார்கள். ஆனால் நகர்வது டிராயர் அல்ல, கூரையும் தரையும் சாமானும் சேர்ந்த ஒரு முழுச் சுவர். எதிரே மரம் இருக்கிறதா, பிள்ளையின் கை இருக்கிறதா என்பது அதைத் தள்ளும் மோட்டாருக்குத் தெரியாது. அழுத்துகிறவர்தான் பார்க்க வேண்டும்.

சாவி கொடுக்கும்போது நான் கேட்பது பதினைந்து நிமிடம். கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரம் ஓட்டி வந்தவர்களுக்கு அந்தப் பதினைந்து நிமிடம் மட்டும் பாரமாகிவிடுகிறது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் போனில் இருக்கிறார், இன்னொருவர் ஐஸ் பெட்டியை ஏற்றுகிறார். "சரி சரி அண்ணே, யூடியூப்ல பார்த்துக்கிறோம்" என்று என் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

நான் என்ன பெரிய வித்தையா சொல்லித் தருகிறேன்? ஒருவர் உள்ளே பட்டனில் நில்லுங்கள், ஒருவர் வெளியே இறங்கி நில்லுங்கள். அவ்வளவுதான். உள்ளே நிற்பவருக்குப் பெட்டியின் வெளி மூலை தெரியவே தெரியாது. தெலுக் பஹாங் கடற்கரைப் பக்கம் போனால் எல்லாரும் நிழல் தேடி மரத்தை ஒட்டித்தான் நிறுத்துகிறார்கள். இரண்டு அடி தள்ளி ஒரு கிளை, ஒரு கம்பம், பக்கத்து வண்டியின் கண்ணாடி என்று ஏதாவது இருக்கும். எட்டுப் பேர் போகிற குடும்பத்தில் ஒருவர் இறங்கி நின்று, "வரலாம், வரலாம், நிறுத்து!" என்று குரல் கொடுக்க ஆள் இல்லையா?

திறப்பதைவிட மூடுவதில்தான் நாசம் அதிகம். திறக்கும்போது உள்ளே காலியாக இருக்கும். இரண்டு நாள் கழித்துக் கிளம்பும்போது சிலிப்பர், பை, சார்ஜர் வயர், முக்காலி, பாதி திறந்த அடுப்படி டிராயர் எல்லாம் பெட்டியின் வழியில் கிடக்கும். குனிந்து ஒரு தடவை பார்த்திருந்தால் அந்த முக்காலி நசுங்கியிருக்காது, தரை உரிந்திருக்காது. அப்புறம் கூரை. சவுக்கு மரத்தடியில் ஒரு ராத்திரி நிறுத்தினாலே பெட்டியின் தலையில் ஊசி ஊசியாய்ச் சருகு மெத்தை போட்டிருக்கும். அதோடு பெட்டியை உள்ளே இழுத்தால் குச்சி சீலில் மாட்டிக் கிழிக்கும். மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் நேரே சோபாவில்தான் கொட்டும். ஏணியும் நீளப்பிடித் துடைப்பமும் வண்டியிலேயே வைத்திருக்கிறேன். திரும்பி வரும்போது அந்தத் துடைப்பத்தின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறது.

எனக்குத் தாங்கவே முடியாதது இன்னொன்று. ஏதாவது தடுத்தால் மோட்டாரின் சத்தம் மாறும். சீராக ஓடிய சத்தம் கனத்து, முனக ஆரம்பிக்கும். வீட்டில் மிக்ஸி அப்படி முனகினால் என்ன செய்கிறீர்கள்? சட்டென்று நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து பார்க்கிறீர்களா இல்லையா? இங்கே மட்டும் ஏன் இன்னும் அழுத்திப் பிடிக்கிறீர்கள்? பிரேக்கர் விழுந்தால் அதைத் தூக்கிவிட்டு மறுபடியும் அழுத்துகிறார்கள். போதும் என்று வண்டியே சொல்கிறது, கேட்பதில்லை. பல்சக்கரம் தேய்ந்து, பெட்டி கோணிக்கொண்டு நின்ற பிறகு ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் வருகிறது.

எங்கள் வண்டியில் பெட்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மோட்டார். இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். ராத்திரி முழுக்க விளக்கும் விசிறியும் ஓடி 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும்போது இயக்கினால் ஒன்று முந்தும், ஒன்று பின்தங்கும். என்ஜினைப் போட்டுவிட்டு இயக்குங்கள் என்று பட்டனுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். தடை இல்லாதபோது பாதியில் விட்டு விட்டு அழுத்தாதீர்கள், கடைசி வரை ஓடவிட்டு, நின்ற பிறகும் இரண்டு மூன்று நொடி பிடித்திருங்கள், இரண்டு மோட்டாரும் சமமாகிவிடும் என்றும் எழுதியிருக்கிறேன். கடைசியை எட்டி நிற்பது வேறு, நடுவழியில் முனகுவது வேறு. காது கொடுத்தால் யாருக்கும் தெரியும். பாலிக் புலாவ் பக்கம் டுரியான் தோட்டச் சரிவில் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, பெட்டி ஏன் நேராக வரவில்லை என்று கேட்டவர்களும் உண்டு. சாய்ந்து முறுக்கிக்கொண்டு நிற்கும் வண்டியில் அது எப்படி நேராக வரும்?

சீலும் தரையும் போகட்டும், பொருள்தான். போன பள்ளி விடுமுறையில் எங்கள் இடத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். பட்டனில் நான்தான் நின்று மூடிக் காட்டிக்கொண்டிருந்தேன். நான்கு வயதுப் பையன் ஒருவன் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஓடும் கறுப்பு ரப்பரைத் தொட்டுப் பார்க்க விரலை நீட்டினான். அவன் பாட்டி "ஐயோ!" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் கையை எடுத்துவிட்டேன். விரலுக்கும் இடுக்குக்கும் ஒரு சாண்கூட இல்லை. என் கை நடுக்கம் நிற்கவே நேரம் பிடித்தது. அப்பாக்காரர் சொல்கிறார், "ஒன்னும் ஆகலையே லா, ஏன் இப்படிப் பயமுறுத்துறீங்க?"

பயமுறுத்தத்தான் வேண்டும். பாட்டி அங்கே நிற்காமல் இருந்திருந்தால்?

"டெபாசிட்டைப் பிடிச்சுக்கோங்க" என்று எழுந்து போய்விடுகிறார்கள். அந்த சீல் பட்டர்வொர்த்தில் எந்தக் கடையிலும் தொங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், வாரக் கணக்காகும். அதுவரை மழை பெய்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கிப் பலகையை ஊறவைத்துவிடும். அதனால் வண்டி இப்போது தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது.

வரும் சனிக்கிழமைக்கு அதைப் பதிவு செய்திருப்பது ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம். நடக்க முடியாத தாத்தாவைக் கடல் பார்க்கக் கூட்டி வருகிறார்கள். ஸ்லைட் அவுட் திறந்தால்தான் உள்ளே அவருடைய சக்கர நாற்காலி திரும்பும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். இன்று மாலை அவர்களுக்கு போன் போட்டு, வண்டி இல்லை என்று நான் சொல்ல வேண்டும்.