கிரிகோரிக்கு உரிய கணக்கு

சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஜான் கிரிகோரியை 'ஒரே சீசன் கோச்' என்று தள்ளிவிடுவது அநியாயம். 2018 மார்ச் 17, பெங்களூரு மைதானம், ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதிப்போட்டி. 9ஆவது நிமிடத்திலேயே பெங்களூரு அணியின் சேத்ரி கோல். பதிலுக்கு நம் மெயில்சன் ஆல்வெஸ் 17, 45ஆவது நிமிடங்களில் இரண்டு கார்னரிலும் தலையால் முட்டி கோல் அடித்தார். அது அதிர்ஷ்டமல்ல, பழக்கிய வேலை: பந்து விழும் இடம் முன்பே முடிவு, ஓடி வருபவர் மட்டும் பிந்திக் கிளம்ப வேண்டும். சீக்கிரம் போய் நின்றால் குதிக்க வேகம் இருக்காது. பாம்பன், தங்கச்சிமடம் மணலில் ஆடும் தம்பிகள் இதைப் பழகலாம். கச்சான் காற்று அடிக்கும்போது மட்டும் பந்தைத் தாழ்வாகப் போடுங்கள். அன்று 67இல் அகஸ்டோ மூன்றாவது கோல், கடைசியில் பெங்களூரு ஒன்று திருப்ப 3-2, கோப்பை.

அடுத்த சீசன் 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். மறைக்க வேண்டாம். ஆனால் நடுக்களத்தைத் தாங்கிய தனபால் கணேஷ் காயத்தில். முந்தைய சீசனில் 9 கோல் அடித்த ஜேஜேவின் கால் ஓய்ந்துவிட்டது. மாற்று ஆள் தயார் செய்யாதது கிரிகோரியின் தப்புதான்.

2019-20இல் ஓவன் கோயல் பயிற்சியாளராக வந்து அணியை இறுதிப்போட்டிவரை கொண்டுபோனார். அவருக்குக் கைகொடுத்த வீரர்கள் வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ இருவருமே கிரிகோரி இருந்தபோது சேர்ந்தவர்கள். அதையும் கிரிகோரி கணக்கில் எழுதுங்கள்.