மகளைப் போகச் சொல்லத் தெரியாத அப்பா

‘தமாகோ இன் மொரட்டோரியம்’ என்ற 2013ஆம் வருடத்து ஜப்பானியப் படத்தைச் சிபாரிசு செய்த நண்பர், “ஒரு சோம்பேறிப் பொண்ணு வீட்டுல படுத்தே கிடப்பா, அவ்வளவுதான் கதை” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு அது அவளுடைய அப்பாவின் கதையாகத்தான் பட்டது.

தமாகோ டோக்கியோவில் கல்லூரி முடித்தவள். வேலை தேடாமல் கோஃபுவில் அப்பா வீட்டுக்கு வந்து சேர்கிறாள். மலைகள் சூழ்ந்த ஊர், டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். அப்பா விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார், அம்மா விவாகரத்தாகிப் போய்விட்டார். சமையல், மகளின் துணி துவைப்பது, கடை எல்லாமே அப்பா. மகள் சாப்பிடுகிறாள், மாங்கா என்கிற ஜப்பானியக் காமிக்ஸ் படிக்கிறாள், தூங்குகிறாள். டிவி செய்தியைப் பார்த்து ஜப்பான் உருப்படாது என்று வேறு அலுத்துக்கொள்கிறாள். உருப்படாதது ஜப்பான் இல்லை, நீதான் என்று அப்பா கத்துகிறார். நேரம் வந்தால் நானும் கிளம்புவேன், ஆனால் அது இப்போது இல்லை என்று இவள் திருப்பிக் கத்துகிறாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தண்டச்சோறு என்று பேர் வாங்கிய யாருக்கும் இவ்வளவு கம்பீரமான பதில் வாய்த்திருக்காது.

இயக்குநர் நொபுஹிரோ யமஷிதா அவசரமே படுவதில்லை. இலையுதிர் காலத்தில் தொடங்கிக் கோடையில் முடிகிற படத்தில் சாப்பாடும் உடுப்பும் மாறுகின்றன, அவள் மாறுவதில்லை. முதலில் ஒரு இசை சேனலுக்காகப் பருவத்துக்கொன்றாக எடுத்த துண்டுப் படங்களிலிருந்து வளர்ந்ததாம். அந்த ஒட்டு அங்கங்கே தெரியத்தான் செய்கிறது. 78 நிமிடத்தில் முடித்தார்களே, அதுவரைக்கும் புண்ணியம்.

தமாகோவாக நடித்திருப்பவர் அட்சுகோ மயேதா. ஏகேபி48 பாட்டுக் குழுவில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு 2009லும் 2011லும் முதலிடம் கொடுத்த பெண். 2012இல் குழுவை விட்டு விலகி, அடுத்த வருடமே தலை வாராமல் வந்து உட்கார்ந்திருக்கிறார். அதிலும் தமாகோ யாருக்கும் தெரியாமல் ஐடல், அதாவது அந்த மாதிரி பாட்டு நட்சத்திரம், ஆவதற்கு விண்ணப்பம் போடுவாள்! அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடப் பையன் ஒருவனை மிரட்டிப் போட்டோ எடுக்கச் சொல்வாள். மலிவான ஜோக்காகப் போயிருக்க வேண்டிய இடம். அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் அவளுக்கு வருகிற கூச்சமும் கோபமும் அதைக் காப்பாற்றிவிடுகின்றன.

கோடையில் அப்பாவுக்கு ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தி வைக்கிறார்கள். தமாகோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெண் நடத்தும் நகை செய்யும் வகுப்புக்கே வேவு பார்க்கப் போகிறாள். போன இடத்தில் அப்பாவின் குறையாக அவள் சொல்வது, வீட்டை விட்டுப் போ என்று என்னிடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை என்பதைத்தான். அந்த இடத்தில் எனக்குப் படமே புரண்டுவிட்டது. இத்தனை நாள் படுத்துக் கிடந்தவளுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது.

அப்பாவின் பொறுமையைப் பாசம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. பாசம்தான், ஆனால் பாதிதான். மீதி, தனியாக இருந்து சாப்பிட வேண்டுமே என்கிற பயம். ஒருத்தி வீட்டில் கிடக்கும்வரை அவருக்கு இரண்டு பேருக்குச் சமைக்கிற வேலை இருக்கிறது. அந்த மனிதராக நடித்திருக்கும் கான் சுவோன் இதை ஒரு வசனத்தில்கூடச் சொல்வதில்லை. கடைசியில் ஒருநாள் அப்பா வாயைத் திறக்கிறார். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கோடை முடிந்ததும் கிளம்பு என்கிறார். அதற்கு அவள், பரீட்சை வைத்த வாத்தியார் மாதிரி, பாஸ் என்கிறாள். இத்தனை மாதமும் இந்த மனுஷனுக்குத்தான் தேர்வு நடந்திருக்கிறது!

அப்புறம் அவள் எங்கே போனாள், வேலை கிடைத்ததா என்பதையெல்லாம் படம் சொல்லாது. அது தெரியாமல் தூக்கம் வராது என்பவர்களுக்கு இந்தப் படம் ஒத்துவராது. மற்றவர்கள் அந்தப் போட்டோ பையனுக்காகவாவது பாருங்கள். வேலை வெட்டி இல்லாத ஒரு அக்காவுக்குப் பயந்து பயந்து எடுபிடி வேலை பார்த்தே பாதிப் படத்தைத் தட்டிச் சென்றுவிடுகிறான்.